வியாழக்கிழமைக் கதவு

ஒலாந்தினா அந்த முதல் வாக்கியத்தை மூன்றாவது தடவையாக அடித்தாள். முதல் இரண்டு தடவை பென்சிலால் மரியாதையாக ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தாள். வாக்கியமோ இரண்டு தடவையும் குளித்து முழுகிப் புது உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை சிவப்பு மை. அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது.

"குளிர்நாடு முதல் நாளிலிருந்தே தீமோர் மக்களின் நண்பனாக இருந்து வந்துள்ளது." இதுதான் வாக்கியம்.

அந்த நாட்டின் உண்மையான பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக் காலையிலேயே அவர்களுடைய தூதரகத்திலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு தாள் வரும். அதற்குப் பதில் எழுத நம் அமைச்சகத்தில் நாலு பேர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எதற்கு வம்பு? வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் தேசம், குளிர்நாடு என்றே வைத்துக்கொள்வோம். நமக்கும் அவர்களுக்கும் தூதரக உறவு ஏற்பட்டு இருபது வருஷம் நிறைகிறது. அதற்காக ஒரு கூட்டறிக்கை, அன்பளிப்பாக ஒரு ரோந்துப் படகு, ஒரு விருந்து என்று ஏற்பாடு.

ஒலாந்தினா நம் தலைநகர் டிலியில் வெளியுறவு அமைச்சகத்தின் நெறிமுறைப் பிரிவுக்குத் தலைவி. யார் முதலில் கை நீட்டுவது, எந்தக் கொடி எந்தப் பக்கம், வந்தவர் கழுத்தில் யார் நம் கைத்தறித் தைஸ் துணியைப் போர்த்துவது என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான் நடக்கும். அமைச்சர்கள் மாறுவார்கள், அவள் மாறியதில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் எந்த அறிக்கையும் அச்சுக்குப் போகாது.

அன்று பிற்பகல் அமைச்சர் அகாபிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். போராட்டக் காலத்தில் மலையில் செய்தி சுமந்து ஓடிய பையன் அவர். இப்போது தொந்தி வைத்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கிழிந்த காகிதம் அவர் மேசை மேல் கிடந்தது.

"என்னக்கா இது, இந்தத் தடவை ரத்தக்களறி ஆக்கி வெச்சிருக்கீங்க?"

"அது வெறும் மை, தம்பி. பொய்க்கு ஏது ரத்தம்? உயிர் இருந்தாத்தானே வரும்."

"ஒரே ஒரு வாக்கியம்கா. கூட்டறிக்கையை எவன் படிக்கப் போறான்?"

"எவனும் படிக்க மாட்டான்னா எடுத்துர வேண்டியதுதானே. எதுக்கு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க?"

அகாபிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் நாற்காலியில் உட்காராமல் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அமைச்சர்கள் அப்படி உட்கார்ந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"அனிசெட்டு அண்ணனைத் திருப்பித் தர்றேங்கறாங்கக்கா."

அவள் மேசை மேலிருந்த கிழிந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 

"எலும்பைத் தோண்டி எடுத்து, பெட்டியில வெச்சு, மரியாதையோட. தூதரே லீவுல ஊருக்குப் போயிட்டு வரும்போது கையோட கொண்டு வருவாராம். இருபது வருஷ நட்புக்கு அடையாளமாம். வாக்கியத்தை இருக்க விட்டாத்தான் தருவோம்னு ஒரு வார்த்தை சொல்லல. ஆனா ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னாங்க."

அனிசெட்டு அவளுடைய தம்பி. பக்கத்துப் பெரிய நாடு நம்மை விழுங்கியபோது அக்காளும் தம்பியும் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்ப வழியில்லை. அன்றிலிருந்து இல்லாத நாட்டுக்குத் தூதர்கள் ஆனார்கள். அப்படி நமக்கு உலகமெங்கும் ஒரு கைப்பிடி ஆட்கள் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் படுக்கை. கொடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைநகரமாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். சில நாடுகள் காப்பி கொடுத்தன. சில நாடுகள் காது கொடுத்தன. இரண்டும் கொடுத்த நாடுகள் உண்டு, அவற்றை நாம் மறக்கவில்லை. குளிர்நாடு நம்மை விழுங்கியவர்களுக்குப் போர் விமானம் விற்றுக்கொண்டிருந்தது.

குளிர்நாட்டின் தலைநகரில் அக்காளுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு கனத்த மேலங்கிதான் இருந்தது. யாருக்கு வெளியே வேலையோ அவர்கள் போட்டுக்கொள்வார்கள். வியாழக்கிழமைகளில் அது அனிசெட்டுவுக்கு. அன்றுதான் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் மனுக் கொடுக்க வெளியாட்களை உள்ளே விடுவார்கள். வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டுவான். பெயர், அதன் பக்கத்தில் நாடு. அனிசெட்டு 'தீமோர்' என்று எழுதுவான். அப்படி ஒரு நாடு இல்லை என்று காவலாளி அதை அடிப்பான். விழுங்கிய நாட்டின் பெயரை எழுது, உள்ளே விடுகிறேன் என்பான். இவன் எழுத மாட்டான். கதவு சாத்திக்கொள்ளும். அலுவலகம் மூடும்வரை அந்தப் படிக்கட்டில், பனியில், கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் போவான்.

"எழுதித் தொலைச்சிட்டு உள்ள போயேன்டா," என்று ஒலாந்தினா ஒருநாள் கத்தியே விட்டாள். "உள்ள போய் உண்மையைப் பேசு. யாரு வேண்டாங்கறா?"

"அதை எழுதிட்டுப் போனா உள்ள போறது நான் இல்லையேக்கா," என்றான் அவன். "வேற எவனோ."

அந்தக் குளிர்காலம் முடியும் முன்னே நுரையீரலில் சளி கட்டி, தர்ம ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் பெயருக்கு நேரே, அவன் கடைசிவரை எழுத மறுத்த நாட்டின் பெயரையே எழுதிப் புதைத்துவிட்டார்கள். நமக்குச் சுதந்திரம் வந்த நாள் முதல் ஒலாந்தினா அவன் எலும்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆவணப்படி அவர் வேறொரு நாட்டின் குடிமகன், அந்த நாடு கேட்டால் பரிசீலிக்கலாம் என்று பதில் வரும். எழுத்து மாறாமல் அதே பதில். எத்தனை அமைச்சர்கள் வந்து போனாலும் அதே பதில்.

"யோசிச்சு சொல்லுங்கக்கா," என்றார் அகாபிட்டு. "உங்களைவிட எனக்கு அந்த வாக்கியம் கசக்குதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தம்பி வீட்டுக்கு வரட்டும்."

*

மறுநாளே மலையில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனாள். மவுபிசி வழியில் மண் சரிந்து, வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேரும்போது இடுப்பு கழன்றுவிட்டது. அனிசெட்டுவின் மனைவி எர்மெலிண்டா வாசலில் சாக்கை விரித்துக் காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. கல்யாணமான புதிதில் புருஷனைப் படிக்க அனுப்பியவள். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. போர் முடியும்வரை காட்டில் இருந்தாள். வேறு கல்யாணம் பேசி வந்தவர்களை எல்லாம் திட்டியே விரட்டினாள்.

"அடடே, டிலியிலிருந்து பெரிய மேடம் வந்திருக்காங்க. செருப்பைக் கழட்டாதீங்க நாத்தனாரே, கால்ல ஏழைச் சேறு ஒட்டிக்கப் போகுது."

"வாயை மூடு. தண்ணி குடு முதல்ல."

தண்ணீர் வந்தது. சோளமும் பூசணிக்காயும் வேகவைத்தது ஒரு தட்டில் வந்தது. ஒலாந்தினா சாப்பிட்டபடியே சொன்னாள். எலும்பு வருவதைச் சொன்னாள், அதற்கு விலை ஒரு வாக்கியம் என்பதையும் சொன்னாள். எர்மெலிண்டாவின் கை பழத்துக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டது.

"வாங்கிட்டு வந்துரு," என்றாள் கடைசியில்.

"எர்மா..."

"வாங்கிட்டு வந்துருன்னு சொல்றேன்ல. அவருக்குப் போர்த்தணும்னு நெய்ஞ்ச துணி பொட்டியிலயே மடிஞ்சு கிடக்கு. நான் போறதுக்குள்ள அதைப் போர்த்திடணும். அவங்க காகிதத்துல என்ன வேணா எழுதிக்கட்டும், எலி திங்கும்." வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள். "ஆனா வாசல்ல வழி சொல்லணுமே. அதை யாரு சொல்லப் போறா?"

வெளியூரில் செத்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். வாசலில் பெட்டியை நிறுத்தி, கடைசியில் கூட இருந்தவர் வழி சொல்ல வேண்டும். இன்ன இடத்துக்குப் போனான், இன்னார் சோறு போட்டார், இன்னார் விரட்டினார் என்று ஒவ்வொன்றாக. பெட்டியைச் சுமந்து வந்தவர் ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' சொல்ல வேண்டும். எந்த இடத்தில் ஆமாம் வரவில்லையோ, அந்த இடத்திலேயே செத்தவர் நின்றுவிடுவார். மேற்கொண்டு நடந்து வீட்டுக்கு வர மாட்டார்.

"நான்தான் சொல்லணும்," என்றாள் ஒலாந்தினா.

"அப்ப இப்பவே ஒரு தடவை சொல்லு. அந்த வாக்கியப்படி சொல்லு. கேக்கறேன்."

ஒலாந்தினா தட்டைக் கீழே வைத்தாள். "எங்க தம்பி கடல் தாண்டிப் போனான். எல்லா ஊருலயும் நம்ம பேரைச் சொன்னான். பனி கொட்டுற ஊருக்கு வந்தான். அந்த ஊரு நமக்கு நண்பன். அவன் வாசலுக்குப் போனான். கதவு..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். அப்போதும் அதே இடத்தில் நின்றாள்.

"கதவு திறந்திருந்துச்சுன்னா என் புருஷன் ஏன் செத்தாரு?" எர்மெலிண்டாவின் குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது. "அவரு பிடிவாதக்காரரு, உனக்கே தெரியும். கதவு திறந்திருக்குன்னு நாம சொல்லிட்டா, இப்பக் கூப்பிடுவாங்க, இப்பக் கூப்பிடுவாங்கன்னு அங்கயே நிப்பாரு. நாம இங்க வெறும் பெட்டியைப் புதைச்சிருப்போம். ஆளு வந்திருக்க மாட்டாரு."

"அப்ப வேண்டாங்கறியா?"

"வேணும்!" காப்பிப் பழம் நாலாபக்கமும் சிதறியது. "எனக்கு அவரு வேணும். முழுசா வேணும். கொண்டு வர்றவன் ஆமான்னு சொல்லணும். அதுவும் நம்ம வீட்டு வாசல்ல இல்ல, அதுக்கு முன்னாடி நாட்டு வாசல்ல. அவரு நாட்டுக்காகத்தானே நின்னாரு. நாங்க எல்லாரும் கீழ வர்றோம். நீ போய் ஏற்பாடு பண்ணு, அதுக்குத்தானே சம்பளம் வாங்கறே."

*

தூதர் ஊருக்குக் கிளம்பும் முன் அமைச்சகத்துக்கு வந்தார். மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் மொழியைப் பாடப்புத்தகம் வைத்துக் கற்றவர். பேசினால் வானொலிச் செய்தி கேட்பதுபோல் திருத்தமாக இருக்கும். நம் சடங்கு சம்பிரதாயங்கள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. எங்கே எருமை வெட்டினாலும் முதல் வரிசையில் நிற்பார்.

"திருமதி ஒலாந்தினா அவர்களே, நாம் இனி வெறும் நண்பர்கள் அல்லர். ஒரே குடும்பம்," என்றார் கையை நெஞ்சில் வைத்து.

"ரொம்ப சந்தோஷம். எந்தப் பக்கத்துக் குடும்பம்?"

"பொருள் விளங்கவில்லையே."

அகாபிட்டு தொண்டையைச் செருமினார். ஒலாந்தினா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க மலையில ரெண்டே பக்கம்தான். ஒண்ணு, பெண் கொடுத்த வீடு. இன்னொண்ணு, பெண் எடுத்த வீடு. கொடுத்த வீட்டுக்காரங்க துணியும் பன்றியும் தருவாங்க. எடுத்த வீட்டுக்காரங்க எருமை, குதிரை, பணம் எல்லாம் கொண்டு வரணும்."

"அப்படியானால் நாங்கள் கொண்டு வரும் பக்கம்! ரோந்துப் படகு தருகிறோமே."

"அப்ப நீங்க பெண் எடுத்த வீடு. எங்க ஊருல பெண் கொடுத்தவங்கதான் உசத்தி. எடுத்தவங்க எவ்வளவு கொண்டு வந்தாலும் கடன் தீராது. விசேஷத்துக்கு வந்தா விறகு உடைச்சு, தண்ணி தூக்கி, சமையல்கட்டுப் பக்கத்துல உக்காரணும். இத்தனை வருஷமா வர்ற ஒவ்வொரு தூதருக்கும் நாங்க தைஸ் போர்த்தறோமே, எதுக்குன்னு நினைச்சீங்க? கணக்குப்படி பாத்தா உலகமே எங்களுக்கு மாப்பிள்ளை வீடு."

தூதர் வாய்விட்டுச் சிரித்தார். குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்ளவும் செய்தார். அகாபிட்டு கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க," என்றாள் ஒலாந்தினா. இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை. "பெட்டியைச் சுமந்து வர்றவங்களுக்கு ஒரு கடமை இருக்கு. வாசல்ல நான் வழி சொல்லுவேன். நடந்ததைத்தான் சொல்லுவேன். ஒவ்வொண்ணுக்கும் நீங்க ஆமான்னு சொல்லணும். சொன்னாத்தான் பெட்டி உள்ள வரும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற யாரையாவது சுமக்கச் சொல்லலாம்."

"இல்லை, இல்லை. நானே சுமப்பேன். அது எனக்குப் பெருமை. உண்மைக்கு ஆம் என்று சொல்வதில் எனக்கென்ன தயக்கம்?"

"அப்ப சரி. அறிக்கையில கையெழுத்தை அன்னிக்கே, பெட்டி வந்த பிறகு போடறேன்."

தூதர் போன பிறகு அகாபிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆளு நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியாம தலையாட்டிட்டுப் போறாருக்கா."

"நான் ஒளிச்சு எதுவும் பேசலையே. நடந்ததைச் சொல்லுவேன்னேன். என்ன நடந்துச்சுன்னு அவங்க நாட்டுக்குத் தெரியாதா?"

*

விமானம் காலையில் இறங்கியது. ஓடுபாதையில் வெயில் கொதித்தது. பயணிகள் விமானத்திலிருந்து இறங்கி நடந்தே வந்து நிலையத்தின் வருகைக் கதவுக்குள் நுழைய வேண்டும். அந்தக் கதவின் இருபுறமும் பேண்டு வாத்தியமும் கேமராக்காரர்களும். கதவின் நடுவில் எர்மெலிண்டா. அவள் பின்னால் மலையிலிருந்து லாரியில் வந்த வீட்டு ஆட்கள், தைஸ் உடுத்து வெறுங்காலோடு. இப்படி வழியை அடைத்து நிற்கக் கூடாது என்று நிலைய மேலாளர் கெஞ்சிப் பார்த்தார். எர்மெலிண்டா அவரிடம் வெற்றிலையை நீட்டினாள். பாவம், வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

தூதர் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நடந்து வந்தார். சின்னப் பெட்டி. ஒலாந்தினா அதை அளப்பதுபோல் பார்த்தாள். அந்த நெடுநெடு உயரக்காரன் இதற்குள்ளா? ஓடிப்போய்ப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. எர்மெலிண்டாவின் பக்கத்தில் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பேண்டு ஓய்ந்ததும் வழி சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க தம்பி அனிசெட்டு மலையை விட்டுப் போனான்."

"ஆம்," என்றார் தூதர்.

"நாடு போன பிறகு நாட்டைச் சுமந்துட்டு ஊர் ஊராப் போனான்."

"ஆம்."

"பனி கொட்டுற ஊருக்கு வந்தான். ஒரு மேலங்கியை ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போட்டோம்."

தூதர் பெட்டியைப் பார்த்தார். "ஆம்."

"வியாழக்கிழமை தோறும் உங்க வாசலுக்கு வந்தான். தீமோர்னு எழுதினான். நீங்க அதை அடிச்சீங்க. பனியில நின்னான். நீங்க கதவைத் திறக்கல. அதுலதான் செத்தான்."

ஆமாம் வரவில்லை.

கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூதர் ஓரடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அனுமதி இல்லை, அம்மையாரே. நடந்தவற்றை நான் எங்கள் ஊரில் விசாரித்து அறிந்தேன். கடந்த காலம் குறித்து எதுவும் சொல்லக் கூடாது என்று நேற்று உத்தரவு வந்தது. தயவுசெய்து பெட்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்."

"அப்ப நில்லுங்க," என்றாள் ஒலாந்தினா. "உள்ள விட எனக்கும் அனுமதி இல்ல."

தூதர் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றப் பயணிகளும் வெயிலில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கன்னியாஸ்திரி செபமாலையை உருட்டினாள். முட்டை அட்டைகளைத் தோளில் வைத்திருந்த ஒரு வியாபாரி, "ஆமான்னு சொல்லித் தொலைங்கய்யா, முட்டை இங்கயே குஞ்சு பொரிச்சுடும்," என்று கத்தினான். யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள்.

அகாபிட்டு அவள் காதருகே வந்தார். "அக்கா, போதும். வாங்கிக்குங்க. அது உங்க தம்பி, அக்கா."

"என் தம்பிங்கறதாலதான் வாங்கல."

"அந்த ஆளு திரும்பி விமானத்துல ஏறிட்டா?"

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு அப்படியே திரும்பிப் போகிற விமானம். இந்த மனிதர் திரும்பி நடந்தால் பெட்டியும் போகும். இன்னொரு தடவை குளிர்நாடு இரக்கப்படாது. அவளும் எர்மெலிண்டாவும் அவனைப் பார்க்காமலே செத்துப்போவார்கள். எல்லாம் தெரிந்தும் அவள் கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் மரத்துப்போயின.

தூதரின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியது. பெட்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, உள்ளே நுழையவும் முடியவில்லை. ஒருமுறை விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். எர்மெலிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வியாழக்கிழமை?" என்று கேட்டார்.

"குளிர்காலம் முழுக்க."

"உள்ளேயிருந்து ஒருவர்கூட வந்து அவரை அழைக்கவில்லையா?"

"நீங்களும்தான் நிக்கிறீங்க. யாராவது கூப்பிட்டாங்களா?"

 தூதரின் கண்ணுக்குள் வேர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. பெட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"ஆம்," என்றார்.

"என்ன ஆம்?" எர்மெலிண்டா கண்ணைத் திறந்து குரல் கொடுத்தாள். "முழுசாச் சொல்லச் சொல்லு நாத்தனாரே. எனக்குக் காது மந்தம்."

இரண்டு மரத்துக்கு அப்பால் காப்பிப் பழம் விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும். ஒலாந்தினா அதைச் சொல்லவில்லை.

"ஆம். அவர் எழுதியதை நாங்கள் அடித்தோம். அவர் பனியில் நின்றார். நாங்கள் கதவைத் திறக்கவில்லை." வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் திருத்தமாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகச் சொன்னார். பேண்டுக்காரர்கள் முதல் முட்டை வியாபாரிவரை எல்லோருக்கும் கேட்டது. எல்லாக் கேமராவிலும் பதிந்தது.

ஒலாந்தினா கையை அவிழ்த்து நீட்டினாள். பெட்டியில் கனமே இல்லை. எர்மெலிண்டா தான் நெய்த துணியை உதறி அதன் மேல் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். புருஷனுக்குச் சட்டைக் கழுத்தைச் சரிசெய்வது போலத்தான் செய்தாள். பிறகு அதன் மேல் முகத்தைப் புதைத்துக் கத்தி அழுதாள். வீட்டு ஆட்கள் எல்லோரும் அழுதார்கள். அகாபிட்டு கூட்டறிக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். முதல் வாக்கியத்தைத் தன் பேனாவாலேயே அடித்துவிட்டு, கழுத்துப்பட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்போது உள்ளே வரலாமா?" தூதர் இன்னும் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

எர்மெலிண்டா மூக்கை உறிஞ்சினாள். "எருமை எங்கேன்னு கேளு."

"படகு அனுப்புறாங்களாம்," என்றாள் ஒலாந்தினா.

"படகுக்குக் கொம்பு இருக்கா? சரி, வரச் சொல்லு. மலைக்கு வரட்டும், விறகு நிறையக் கிடக்கு."

உள்ளே குடிவரவு மேசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் வந்து சேர்கிற ஒவ்வொருவரையும் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி, இறந்தவராக இருந்தாலும். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"பேரு?"

ஒலாந்தினா சொன்னாள்.

"எந்த நாடு?"

 உலகமெல்லாம் போய்ப் பேசியவள், அமைச்சர்களுக்கே பேச்சு எழுதிக் கொடுத்தவள், ஒரு சொல்லுக்கு நின்றுவிட்டாள். எர்மெலிண்டா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"தீமோர்," என்றாள் ஒலாந்தினா. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் எழுதினாள். யாரும் அதை அடிக்கவில்லை.